வாழ்த்துப் படம் என்று நான் சொன்ன நோட்டீஸ்

என் செல்ல மகள் மலர்க்கொடிக்கு,

இந்த ஆவணியோடு நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. ஊர் முக்கில் உன் படம் போட்டுப் பெரிய அஞ்சலித் தட்டி வைக்கலாம் என்றான் உன் தம்பி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு உடம்பு எரிகிறது. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும்.

உன் மகள் பூங்குழலி கல்லூரியில் இரண்டாம் வருஷம். வரலாறு படிக்கிறாள். வாரா வாரம் திருச்சிக்கு பஸ் ஏறி, பார்வையில்லாப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவளை விட்டுவிட்டு வருவாயே, அந்த அலைச்சல் வீண்போகவில்லை. பெரம்பலூர் டவுனுக்குத் தினமும் தனியாகப் போய்வருவது கஷ்டம் என்று ஆன்லைன் படிப்பில் சேர்த்தோம். வீட்டில் இருந்தபடியே யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். அந்த யாரில் இவளும் உண்டுதானே?

அவளுடைய போனும் கம்ப்யூட்டரும் பேசும். திரையில் எழுத்து இருந்தால் வாசித்துச் சொல்லும். நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவள் நாலு பக்கம் கேட்டு முடித்துவிடுவாள், அவ்வளவு வேகமாக ஓடவிடுவாள். ஆனால் எழுத்தைப் போட்டோ பிடித்து அனுப்பினால் அதற்கு ஒன்றும் தெரியாது. "படம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். கல்லூரியிலிருந்து வந்த பாடத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான். வீடியோவில் நடத்துகிற சார், "இந்த மேப்பைப் பாருங்க, இங்கேருந்து இங்கே படை வந்துச்சு" என்பார். எங்கேயிருந்து எங்கே? ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர் வாய் வலிக்குமா?

நான்தான் படித்துக் காட்டினேன். ஐந்தாம் வகுப்போடு என்னைக் களை பறிக்க அனுப்பிவிட்டார்கள், உனக்குத் தெரியும். ஆனாலும் தமிழ் எழுத்து எதுவாக இருந்தாலும் விடமாட்டேன். மேப்புக்கு முறத்தில் வழி பண்ணினேன். ஆறு ஓடும் இடத்தில் சணல் கயிறு, ஊர் இருக்கும் இடத்தில் மக்காச்சோளம். அவள் விரல் தடவித் தடவிப் போகும். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு சோளம் வைத்தபோது, "நம்ம ஊருக்கும் ஒண்ணு வையி அம்மாயி, நாமளும் இருந்துட்டுப் போவோம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

பரீட்சையும் வீட்டிலேயேதான். கம்ப்யூட்டரில் உள்ள காமிரா பார்த்துக்கொண்டே இருக்கும், மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். தனக்குப் பார்வையில்லை, கேள்வியைக் கம்ப்யூட்டர்தான் வாசிக்கும் என்று முன்கூட்டியே எழுதி, சான்றிதழும் சேர்த்து அனுப்பினாள். காதில் எதுவும் மாட்டக் கூடாது என்பது அவர்கள் போட்ட விதி. இயர்போனைக் கழற்றி வைத்தாள். கழற்றினால் கம்ப்யூட்டரின் பெண் குரல் வெளியே கேட்கத்தானே செய்யும்? அறையில் இன்னொரு பெண் பேசுகிறாள், மாணவி திரையைப் பார்க்கவே இல்லை, காப்பியடித்திருக்கிறாள் என்று எழுதிவிட்டார்கள்.

பார்வையில்லாத பிள்ளை திரையைப் பார்க்கவில்லையாம் மலரு. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஏழு நாளில் விளக்கம் கொடுக்காவிட்டால் பரீட்சை ரத்து என்று ஒரு நோட்டீஸ் அனுப்பினார்கள். அதையும் போட்டோவாகத்தான் அனுப்பினார்கள், இங்கிலீஷில். இனி சொல்லப்போவது என் தப்பு. மறைக்கமாட்டேன்.

அன்று ஆடிப்பெருக்கு. காலையிலிருந்து போனில் வாழ்த்தாக வந்துகொண்டிருந்தது. கல்லூரியிலிருந்தும் ஒவ்வொரு நாள் கிழமைக்கும் வாழ்த்து அனுப்புவார்கள். "அம்மாயி, காலேஜ்லேருந்து ஒரு படம் வந்துருக்கு. என்னான்னு பாரு" என்றாள். பார்த்தேன். மேலே கல்லூரி முத்திரை, சுற்றிலும் கரை கட்டிய கட்டம், நடுவில் இங்கிலீஷ். "வாழ்த்துப் படம்டி. நன்றின்னு ஒரு வார்த்தை போட்டு வுடு" என்றேன். அவளும் போட்டாள்.

பதினைந்து நாள் கழித்து, கூடப் படிக்கிற பெண் சொல்லித்தான் பரீட்சை ரத்தானதே தெரிந்தது. அந்தத் தாள் இல்லாமல் மூன்றாம் வருஷம் போக முடியாது. பெரம்பலூரில் உள்ள அவர்கள் ஆபீசுக்கு ஓடினோம். அங்கிருந்த பொறுப்பாளர் போனை எடுத்துக் காட்டினார்.

"நோட்டீஸ் கெடச்சுதுன்னு நன்றி சொல்லிருக்கீங்களேம்மா."

"வாழ்த்துன்னு நெனச்சிட்டேன் சார்."

"வூட்ல வேற யாராச்சும் படிச்சவங்க பாத்துச் சொல்லக் கூடாதா?"

எனக்குத் தலை குனிந்துபோனது. பூங்குழலிதான் பேசினாள். "வூட்ல படிச்சவ நான்தான் சார். எழுத்தா அனுப்பியிருந்தா எனக்கு வந்த நோட்டீச நானே படிச்சிருப்பேன்."

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதாம்மா அனுப்புறோம்."

எல்லாருக்கும் ஒரே மாதிரி. எவ்வளவு நியாயமாகச் சொன்னார் பார். காலில்லாதவனுக்கும் செருப்புதான் கொடுத்தோம் என்பது மாதிரி. பிள்ளைக்குச் சலுகையா கேட்டோம்? போட்டோ பிடிக்கிற நேரத்தில் டைப் அடித்த எழுத்தையே அனுப்பினால் போதும். அது அவர்களிடம் இருக்கிறது. அதை அடித்து, அச்செடுத்து, அதற்கப்புறம்தானே போட்டோ பிடிக்கிறார்கள்? மெனக்கெட்டு வேலை செய்து அல்லவா இவளுக்குக் கதவடைக்கிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாயா? அவள் திட்டவில்லை. "நீ படிக்கிறது எனக்குப் புடிக்கும் அம்மாயி. ஆனா எனக்கு வர்ற சேதி ஒனக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். மனுவை அவளே அடித்தாள். மறுபரீட்சை வேண்டும், பாடமும் நோட்டீசும் எழுத்தாக வேண்டும், தன்னைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டும். வரிசையில் முன்னால் நின்றவர், "பாட்டி, பென்ஷனுக்கா?" என்றார். "பரீட்சைக்கு" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். மனுவில் சீல் போட்டுக் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.

இந்தக் கடிதத்தை நோட்டில் எழுதினேன். "அப்படியே போட்டோ புடிச்சு ஊர் வாட்ஸ்அப்ல போட்டுடுறேம்மா" என்றான் உன் தம்பி. அடி விழும் என்றேன். ஒவ்வொரு எழுத்தாக டைப் அடித்துக்கொண்டிருக்கிறான். முடித்ததும் முதலில் பூங்குழலிக்குத்தான் போகும். என் தப்பையும் சேர்த்து அவளே முழுதாகக் கேட்கட்டும்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன் மலரு. அவள் அந்தப் பரீட்சையை எழுதுகிறவரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற முதல் பஸ்ஸில் நான் இருப்பேன். வருகிற பதிலை நான் பிரிக்கமாட்டேன். அது எழுத்தாக வர வேண்டும், அவள்தான் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். படமாக வந்தால் திருப்பிக் கொண்டுபோய் அவர்கள் மேஜையிலேயே வைப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
பூங்குழலியின் அம்மாயி.