ரோமில் உங்களை விட்டு வந்தேன்

கடத்தூர், 1987

ஊருக்கெல்லாம் சரித்திர வாத்தியாராகவும் எனக்கு மட்டும் ‘என்னங்க’வாகவும் இருந்தவருக்கு,

ரோமுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். நீங்கள் இல்லாமல் தனியாகப் போய்வந்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுத வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

உங்கள் தம்பி அருளுக்கு அங்கே குருப்பட்டம், நம் இருவரையும் அழைக்கிறார் என்று தெரிந்த அன்றே நீங்கள் சாக்பீஸை எடுத்துச் சமையலறைக் கதவில் எழுத ஆரம்பித்தீர்கள். விழாவுக்கு ஒரு நாள். மற்ற நாளெல்லாம் மியூசியம்.

“திங்கக்கெழம நெறைய எடம் பூட்டு. அன்னைக்கித் துணி தொவைக்கலாம். மத்த நாள்ல ஒரு நாளைக்கி ஒண்ணுதான் ரெஜினா. ரெண்டு பாத்தா ரெண்டுமே மறந்துபோவும்” என்பீர்கள்.

நான் புளி கரைத்துக்கொண்டே கேட்பேன். பல இடங்களை மதியமே மூடிவிடுவார்கள், காலையில் கதவு திறக்கும்போதே போய் நிற்க வேண்டும். பாப்பரசரின் மியூசியத்தில் வழியில் எதையும் பார்க்காமல் நேரே கடைசியிலுள்ள கோயிலுக்கு நடந்துவிட வேண்டும், கூட்டம் வந்தபின் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலைப் பார்த்ததோடு சரி, ஆனால் ரோமில் யாருக்கும் வழி சொல்வேன் போலிருந்தது.

பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வந்தவர்கள் சாய்ந்து சாய்ந்து கதவு எழுத்தெல்லாம் அழிந்துபோனது. யார் முதுகில் எந்தக் கிழமை போனதோ.

நான் மட்டுமாவது போகிறேன் என்றதும் உங்கள் தங்கை லூர்து கத்தினாள். “அண்ணி, வருசங்கூடத் திரும்பல. ஏரோப்ளேன் ஏறி வேடிக்கை பாக்கப் போறீங்களா? ஊரு என்ன சொல்லும்?”

“சொல்லிட்டுப் போவட்டும் லூர்து. உங்கண்ணன் அவ்வளவு ஆசையாப் போட்ட திட்டம். ஒருத்தராவது போவணும்ல?”



விழா நல்லபடியாக முடிந்தது. பாதிரியாராகிவிட்டதால் இனி அருளைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டுமாம். வாயில் வரவே இல்லை. மறுநாள் காலையில் முதல் மியூசியத்துக்கு அவர்தான் அழைத்துப் போனார். கல் தரை. பத்தடி நடந்திருப்பேன், பின்னால் சத்தம் கேட்டது. சைக்கிளிலிருந்து விழுந்தபிறகு நீங்கள் இடது காலை இழுத்து நடப்பீர்களே, அந்தச் சத்தம். நான் நின்றால், ஒரு அடி தள்ளி அதுவும் நின்றது.

நான் திரும்பவில்லை. பயமா? பயம்தான். திரும்பிப் பார்த்து, யாரும் இல்லாமல் போய்விட்டால் என்ற பயம்.

ஒவ்வொரு நாளும் அப்படியே. பாப்பரசரின் கோயிலில் சித்திரம் தீட்டிய கூரையில் பாதியைச் சாரம் கட்டி மறைத்திருந்தார்கள். “இது உங்க திட்டத்துல இல்லீங்களே” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.  அருள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கடைசி நாளுக்குப் பூங்காவை ஒட்டிய ஒரு மியூசியத்தை வைத்திருந்தீர்கள். ஏன் அதைக் கடைசியில் வைத்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. அங்கே சுட்ட மண்ணில் ஒரு பெரிய சவப்பெட்டி. அதன் மேல் ஒரு புருஷனும் மனைவியும், சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவர்கள் போல ஒருக்களித்துச் சாய்ந்திருக்கிறார்கள். அவன் கை அவள் தோள்மேல். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. எத்தனை ஆயிரம் வருடமாகச் சிரிக்கிறார்களோ.

அப்போது முதல்தடவையாக அந்தச் சத்தம் என்னைத் தாண்டி முன்னால் போனது. பெட்டியருகே நின்றது. அதற்குப் பிறகு இல்லை.

மூடும் மணி அடித்தது. நான் வாசலுக்கு வந்தேன். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். நான் வெளியே வந்த பிறகும் எனக்குப் பின்னால் யாரோ வருவதுபோல உள்ளே பார்த்தபடி கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“இன்னொருத்தர் வரணும்னு அவருகிட்ட சொல்லுங்க சாமி” என்றேன். அதுதான் நான் அருளைச் சாமி என்று கூப்பிட்ட முதல்தடவை.

“யாருங்க அண்ணி? உள்ள ஆளே இல்லீங்களே.”

காவலாளி உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினார்.

இங்கே வந்து ஒரு மாதமாகிறது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. “அண்ணன் கனவுலயாச்சும் வர்றாருங்களா அண்ணி?” என்று லூர்து கேட்கிறாள். அவளிடம் என்னவென்று சொல்வேன்? அந்த ஊர்க் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? பெட்டிமேல் இருக்கிற அந்த இருவரும் உங்களிடம் பேசுகிறார்களா? என்னைப் போகவிட்டு நின்றுகொண்டீர்களே, கோபமா, இல்லை பார்த்து முடியவில்லையா?

அடுத்த வாரம் உங்கள் வருடத் திருப்பலி. உங்கள் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று கோயில் முழுக்க மண்டியிடும். நானும் மண்டியிடுவேன், ஆனால் வாய் திறக்கமாட்டேன். அவசரப்படுத்தி உங்களைக் கூப்பிடமாட்டேன். ஆசைதீரப் பாருங்கள். பார்த்து முடிந்து வழி தெரியாமல் நின்றால் அந்த வாசலிலேயே இருங்கள். யார் தடுத்தாலும் நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன். இந்தத் தடவை திரும்பிப் பார்ப்பேன்.

இன்னமும் உங்கள் மனைவியாகவே இருக்கும்,
ரெஜினா