இடது முன்சக்கரத்தின் புலம்பல்

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். இந்தக் குடும்பம் என்னைக் கடைசியாக நம்பியது நான் பேசக் கற்பதற்கு முன்பு.

இன்று அக்காவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வழியில், முதன்முறையாக, பிரேக்கை மிதித்ததும் காரின் இடது முன்சக்கரம் அலறியது. சாதாரண அலறலா? நூறு ஆலைகள் ஒரே நேரத்தில் இரும்பை அரைத்த மாதிரி. மரத்திலிருந்த காக்கைகள் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டன.

"என்னடா சத்தம்?"

"சக்கரத்துல கல்லு மாட்டியிருக்குக்கா."

"கல்லா, மலையா?"

மார்ச் 4, புதன்

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் பிரேக் பேட் நல்ல தடிமனாகவே இருக்கிறது. பிரேக்குக்கு ஒன்றுமில்லை என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதினேன். கல்லைத்தான் காணோம். அதற்காகத் தளர்வேனா? ஒரு கல்லைப் பொறுக்கிவந்து அக்கா மகளிடம் காட்டினேன்.

"இதோ குற்றவாளி."

"மாமா, இது என் பூந்தொட்டில இருந்த கல்லு."

பிறகு பழைய பல்லவியை ஆரம்பித்தாள். காரை விற்றுவிட வேண்டுமாம், அம்மாவை டாக்சியில் அனுப்பிக்கொள்வாளாம். நான் ஓய்வுபெற்று, இந்த வீட்டு மாடி அறைக்கு வந்து நான்கு வருடம். செவ்வாய், வியாழன், சனி - வாரத்தில் மூன்று நாள்தான் இந்த உலகத்துக்கு நான் தேவைப்படுகிறேன். அந்தப் பதவிக்கும் உலை வைக்கப் பார்க்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அக்கா அணைத்தாள்.

மார்ச் 7, சனி

திரும்பி வரும்போது ஏழு மாடி உயரத்தில் ஒரு லாரி வந்தது. நான் ஒரு விரலால் ஸ்டியரிங்கை ஒடித்து

இல்லை. எழுத வரவில்லை.

பிரேக்கை மிதிச்சேன், வண்டி வலப்பக்கம் இழுத்துக்கிட்டுப் போய்த் தடுப்புக்கட்டையில மோதிடுச்சு. டயாலிசிஸுக்கு ஊசி குத்தின கைதான் - கட்டுப் போட்டிருந்த கை - அதைப் போயி அக்கா முன்னால ஊனிட்டா. கட்டு முழுக்க ரத்தம். டயாலிசிஸ் போட்ட அன்னிக்கு ரத்தம் லேசுல நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? என் சட்டையைக் கழட்டி அமுக்கிப் பிடிச்சேன். நிக்கவே இல்லை. பின்னால வந்த யாரோதான் எங்களைத் திரும்ப டயாலிசிஸ் மையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அவர் முகம்கூட ஞாபகம் இல்லை.

அங்கே அக்கா மகள் வந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"கதை சொல்லாதீங்க மாமா. இன்னிக்கு ஒரு நாளாவது சொல்லாம இருங்க."

மார்ச் 8, ஞாயிறு

ரத்தம் நின்றுவிட்டது. அக்கா தூங்குகிறாள்.

வண்டியை வீட்டுக்கு இழுத்துவந்து, பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரையே இன்று கழற்றினேன். புதன்கிழமை செய்திருக்க வேண்டிய வேலை. சக்கரத்தோடு சுழல்கிற ஒரு டிஸ்குக்கு, அதைக் கவ்வி நிறுத்த இரண்டு பேட்: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. காலிப்பர் சறுக்கி நகர உதவும் 'பின்' என்கிற கம்பி துருப்பிடித்து இறுகிப்போனதால், உள்ளே இருந்தது மட்டுமே தனியாக மல்லுக்கட்டி இருக்கிறது. அதில் பேட் என்று சொல்ல ஒரு துளி இல்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்கை உழுதிருக்கிறது. வெளியே இருந்தது சும்மா வேடிக்கை பார்த்தே கொழுத்துப்போயிருக்கிறது. அந்தச் சோம்பேறியைப் பார்த்துத்தான் நான் நற்சான்று கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

உதிரிபாகக் கடைக்காரர் என் டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க சார் தோண்டி எடுத்தீங்க இதை?"

"போர்க்களத்துல."

"எத்தனை நாளா கத்துச்சு?"

"ஒரு வாரம்."

பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். "ஒரு வாரத்துல இவ்வளவு ஆழம் இறங்காது சார்." அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல மனிதர். எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட். பின்னைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து கிரீஸ் தடவினேன். பிஸ்டனை உள்ளே தள்ளி எல்லாவற்றையும் மாட்டினேன். வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கல்லாக இறுகும்வரை மிதித்தேன். காலித் தெருவில் இருபது தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தினேன். அதன் பின்னால் டாக்சி வந்து நின்றது.

"பிரேக்கைச் சரி பண்ணிட்டேன்மா. நிஜமா."

"சரி மாமா," என்றாள் அக்கா மகள். மூன்று வயதுக் குழந்தை ராக்கெட் ஓட்டியதாகச் சொன்னால் அப்படித்தான் 'சரி' சொல்வோம். அக்கா என்னைப் பார்த்தாள், டாக்சியில் ஏறிக்கொண்டாள்.

நானும் பின்னாலேயே போனேன். எட்டு சிக்னல். எட்டிலும் என் வண்டி பூனை மாதிரி நின்றது. பக்கத்து இருக்கையில் ஆளில்லை.

மார்ச் 12, வியாழன்

டாக்சியின் பிரேக்கும் லேசாகக் கீச்சிடுகிறது. அது யார் காதிலும் விழாது.

மார்ச் 14, சனி

அக்கா கூப்பிட்டாள். கை தலையணைமேல் இருந்தது. முழங்கைவரை இன்னும் நீலம்.

"உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"அக்கா, மூணாந்தேதி காலையில, அந்தக் காக்கைங்க இருக்கே..."

அவள் அந்தக் கையைத் தலையணைமேல் லேசாக நகர்த்திவைத்தாள்.

"நாப்பது நாளா," என்றேன்.

"எனக்கும்தான் கேட்டுச்சு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். "பயந்துட்டேன்டா அன்னிக்கு. உன் வண்டியில இனிமே என்னால உட்கார முடியாது."

காக்கைகள் எங்கும் போகவில்லை. லாரி, எதிர்ப்பக்கம் என்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்த லாரி. 'முதன்முறையாக' என்று மூன்றாம் தேதி எழுதியதும் பொய்தான். என் நோட்டில், எனக்கே.

நாளைக் காலை காரை விலைக்கு வாங்கப் பார்க்க ஒருவர் வருகிறார். பிரேக் புதிது, சத்தமே இருக்காது என்று சொல்வேன். அவருக்கு என்னைத் தெரியாது, நம்பிவிடுவார். நம்பலாம். அந்த ஒன்று மட்டும் உண்மை.