உன் கோழிகள் இங்கே வீடு பழகுகின்றன

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நம்ப மாட்டாய். நான் சொல்ல வேறு யாரோ எழுதவில்லை. பேனா என் கையில்தான் இருக்கிறது. மருமகள் புஷ்பா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் சின்னஞ்சிறுசுகளைப் பார்த்துக்கொள்கிறவள் அல்லவா, அந்தப் பொறுமையில் கொஞ்சம் மிச்சம் வைத்து, சாயங்காலங்களில் எனக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். 'ழ' எழுதும்போது மட்டும் பேனா என்னைக் கேட்காமல் எங்கோ போய்விடுகிறது. உன் கோழிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த எழுத்துதான் அடிக்கடி வருகிறது.

உனக்கும் படிக்கத் தெரியாது. அதனால் இந்தக் கடிதம் யார் கையில் கிடைத்தாலும் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீ இருக்கும் இடம் எவ்வளவு தூரமோ தெரியாது. ஆனால் உன் காது நல்ல காது. ரப்பர் மலையில் கங்காணி இருமினால், யார் மேல் கோபமாக இருக்கிறார் என்று லயத்து வீட்டில் இருந்தபடியே சொல்லிவிடுவாய்.

களைப்பாக இருக்கிறது, அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வரி எழுதினால் விரல் மரத்துப்போகிறது. கோழிக் கூட்டைக் கழுவி, தண்ணீர் மாற்றி நிமிர்ந்தால் இடுப்பு நிமிர மறுக்கிறது. இதை ஒரே மூச்சில் எழுதவில்லை. ஒரு நாள் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம். நடுவில் மழை வந்தால் கரண்டும் போய்விடுகிறது.

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகத் தெளிவாகப் பேசியது கோழிகளைப் பற்றித்தான். "தம்பி, அதுகள யாருக்கும் அறுக்கக் குடுத்துராத. நீயே கொண்டு போயிரு" என்றாய். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதற்கு என்ன கஷ்டம்?

கருமாதி முடிந்த மறுநாள் உன் கொழுந்தன் சேவலையே சுற்றிச் சுற்றி வந்தார். காரியம் முடிந்தால் கறி சாப்பிட வேண்டும், வீட்டில் சேவல் நிற்கும்போது கடைக்கு எதற்குப் போவது என்று அவருக்கு நியாயம். நான் கூட்டு வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டேன். "மொதல்ல என்னைய அறுங்க, அப்பறம் அதுகள அறுங்க" என்றேன். "உங்கள அறுத்து என்னா மச்சான் செய்றது? ரசம் வைக்கக்கூட எலும்பு காணாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நல்ல மனிதர்தான். பிறகு கோழிகளைக் கொண்டுபோகப் பெட்டியில் ஓட்டை போட்டுத் தந்ததும் அவர்தான்.

நீ குடியிருந்த லயத்துக் காம்பராவைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது நாலு பொட்டையும் ஒரு சேவலும், உன் பால் வாளியும்தான். விளிம்பில் ரப்பர் பால் காய்ந்து தோல்போல ஒட்டிக்கிடக்கிற அந்த நெளிந்த வாளி. கோழிக்குக் குறுணை கொண்டுவர ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது, அதற்காக எடுத்தேன். வேறு யோசனை எதுவும் அப்போது இல்லை.

அவிசாவளையில் ஒரு பஸ், இரத்தினபுரியில் ஒரு பஸ். கொடகவெலைக்கு வருவதற்குள் பெட்டிக்குள்ளிருந்து சேவல் கூவிவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் ஐயாவுக்கு ஜன்னல் பக்கம் சீட் வேண்டுமாமா என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், அக்கா. உன்னை எரித்த ஊரிலிருந்து வருகிற வழியில் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்வதுபோல ஒவ்வொன்றையும் தூக்கி அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றிவிடலாம் என்று போனேன். அடுப்பைச் சுற்றிய கோழி வீட்டை விட்டுப் போகாது என்பாளே. "மாமா, அடுப்பு செவத்தோட ஒட்டியிருக்கு. எந்தப் பக்கமா சுத்துவீங்க?" என்று கேட்டாள் புஷ்பா. அதனால் ஆரத்தி எடுப்பதுபோல அடுப்புக்கு மேலே கோழியைச் சுற்றினேன். சேவல் சிறகடித்ததில் சாம்பல் முழுவதும் சோற்றுப் பானைக்குள் போனது. "கோழி வீட்டப் பழகுதோ இல்லையோ, நாங்க இன்னைக்குச் சாம்பல் சோறு பழகிக்கணும்" என்றாள். திட்டவில்லை. நீ பார்த்து முடித்த பெண் அல்லவா.

கூட்டை வீட்டின் பின்பக்கம், தேயிலைக்கும் சுவருக்கும் நடுவில் கட்டியிருக்கிறேன். முன்னால் கம்பி வலை, உள்ளே படுத்துறங்க ஒரு குறுக்குக் கம்பு. கதவைச் சாத்தியே வைத்தேன். மற்றவை இரண்டொரு நாளில் தின்னத் தொடங்கின. கழுத்தில் இறகில்லாத உன் மொட்டைக்கழுத்தி மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றது. தண்ணீரில் அலகை நனைக்கும், குடிக்காது. கம்பில் ஏறாது. உன் லயத்தில் அது எங்கே படுக்கும் என்று நான் ஏன் உன்னைக் கேட்டு வைக்கவில்லை?

கீழ்ப்பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் மெனிக்கே வந்து பார்த்தாள். கோழி வளர்த்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். "ஹெமின், சீயா, ஹெமின்" என்றாள் சிங்களத்தில். மெதுவாக, தாத்தா, அவசரம் வேண்டாம் என்று அர்த்தம். பொழுது சாய்ந்தால் எல்லாம் தானாகவே கம்பில் ஏற வேண்டும், அதுவரை கதவைத் திறக்காதே. முதல் தடவை திறக்கும்போதும் காலையில் திறக்காதே, இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பசியோடு திறந்துவிடு, தூரம் போகாது என்று விளக்கமாகச் சொன்னாள். நானும் கவனமாகக் கேட்டேன்.

கேட்டேன், செய்யவில்லை. ஒரு நாள் மழை விட்டு வெயில் வந்தது. மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. ஐந்தும் கம்பி வலையில் நெஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றன. எனக்கு மனசு பொறுக்கவில்லை. அடுப்பைத்தான் காட்டியாயிற்றே, இனி எங்கே போகும் என்று எண்ணி, வயிறு நிறையத் தீனியும் போட்டு, காலையிலேயே கதவைத் திறந்துவிட்டேன்.

கோழியா அவை? கிளிபோலப் பறந்தன. ஒன்று தேயிலைக்குள், ஒன்று ரோட்டுப் பக்கம், சேவல் மெனிக்கேயின் மிளகாய்ப் பாத்தியில். நான் "பா, பா, பா" என்று கூப்பிட்டபடி மலையில் ஏறி இறங்கினேன். என் குரல் அவற்றுக்குக் குரலே இல்லை. நாய் குரைத்தால்கூட ஒன்றாவது திரும்பிப் பார்த்திருக்கும்.

வேலை முடிந்து வந்த புஷ்பா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் குனிந்தாள். மெனிக்கே பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகப் பிடித்தோம். சேவலைப் பிடித்துக் கொடுத்தபோது மெனிக்கே தன் மிளகாய்ச் செடிகளை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மொட்டைக்கழுத்தி கிடைக்கவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மலைக்கு மேலே காடு, காட்டில் மரநாய். "மாமா, ஒக்காருங்க. மூச்சு வாங்குது" என்றாள் புஷ்பா. யாருக்கும் அறுக்கக் கொடுக்காதே என்று நீ சொன்னாய், நான் மரநாய்க்குக் கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கையில் குறுணை வாளி இருந்தது. உட்காரும்போது அதைக் கல்லின் மேல் வைத்தேன். வைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை ஓய்ந்து வாளி நழுவியது. டங் என்று கல்லில் மோதி, கைப்பிடி விழுந்து விளிம்பில் இன்னொரு டங்.

தேயிலைக்குள் ஏதோ சலசலத்தது. உன் மொட்டைக்கழுத்தி, ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம், கழுத்தை நீட்டிக்கொண்டு நேராக வாளிக்கு வந்தது. பின்னால் கூட்டுக்குள் அடைத்திருந்த மற்றவையும் ஒரே கூச்சல்.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் பட்டது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு நீ லயத்துக்கு வந்ததும், காய்ந்த பாலை உதிர்க்க வாசல் கல்லில் வாளியைத் தட்டுவாய். தட்டிவிட்டுத்தான் தீனி போடுவாய். உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். நீ வந்துவிட்டாய், இனித் தேத்தண்ணி கிடைக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். கோழிகளும் அப்படித்தானே நினைத்திருக்கும்?

மறுபடி அடைத்து வைத்தேன். இந்த முறை மெனிக்கே சொன்னதற்கு ஒரு சொல் மீறவில்லை. தினமும் தீனி போடும் முன் வாளியைக் கல்லில் தட்டினேன். மொட்டைக்கழுத்தி தின்றது. பிறகு ஒரு மாலை தானாகவே கம்பில் ஏறி, மற்றவற்றை இடித்துத் தள்ளி நடுவில் இடம் பிடித்தது. மகன் கொழும்பிலிருந்து போன் எடுத்தபோது நான் இதைத்தான் சொன்னேன். "அப்பா, ஒங்க பிரஷர் மாத்திரய ஒழுங்காப் போட்டீங்களா?" என்றான். போடவில்லை. நீ போய்ச் சொல்லிவிடாதே.

நேற்றுத் திறந்தோம். தேயிலை மேல் வெயில் மஞ்சளாகிய நேரம், கோழிகளுக்கு நல்ல பசி. புஷ்பா ஒரு பக்கம், மெனிக்கே மிளகாய்ப் பாத்திக்குக் காவலாக ஒரு பக்கம், நான் கல்லின் மேல் வாளியோடு. வெளியே வந்தன. கிளறின. சேவல் ஒரு புழுவை எடுத்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தானே தின்றது. மொட்டைக்கழுத்தி ரோட்டோரம் வரைக்கும் போய் நின்றது. என் கை வாளிக்குப் போனது. "வேணாம் மாமா. அதுகளா வரட்டும்" என்றாள் புஷ்பா.

அவளும் மெனிக்கேயும் அசையாமல் நின்றார்கள். வெளிச்சம் குறையக் குறைய ஒவ்வொன்றாகத் திரும்பின. சேவல் கடைசியில், அதற்கும் பின்னால் மொட்டைக்கழுத்தி. யாரும் கூப்பிடவில்லை. கூட்டுக்குள் போய்க் கம்பில் ஏறிக்கொண்டன. கதவைச் சாத்தினேன். மெனிக்கே என் தோளில் தட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

வாளிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சந்தோஷம்தான். ஆனாலும் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேனா, வைக்க மனசு வரவில்லை. எல்லாம் உள்ளே இருக்கும்போதே ஒரு தடவை கல்லில் தட்டினேன். மொட்டைக்கழுத்தி கம்பிலிருந்து தலையை நீட்டியது. வாளியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கி வரும் பாதையைப் பார்த்தது. வெகு நேரம் பார்த்தது. நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு அந்த இருட்டில் கதவைத் திறந்து ஒரு கைப்பிடி குறுணை போட்டேன். வேறு என்ன செய்வது?

அக்கா, ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இவை இந்த மலையிலேயே கிழடாகிச் சாகும். இவற்றின் மேல் கத்தி படாது. இனி உன் வாளியைத் தீனி இல்லாமல் ஒரு தடவைகூடத் தட்ட மாட்டேன். அந்தச் சத்தம் கேட்டு நம்பி வருகிற எதுவும் வெறும் வயிற்றோடு திரும்பாது. எனக்கு முடியாமல் போகும் நாளில் புஷ்பா தட்டுவாள். சொல்லி வைத்திருக்கிறேன்.

இதுவரை எல்லா இடத்திலும் பெருவிரலைத்தான் ஊன்றியிருக்கிறேன். இதற்குக் கீழே இருப்பது நானே எழுதிய பெயர். கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுத தம்பி,
ராமையா