கதவு சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு வயர்

பிப்ரவரி 9, புதன்
மோட்டார்களுக்கான நாற்பத்தெட்டு வோல்ட் சப்ளை மேல் தட்டில். சுவிட்சுகளுக்கான இருபத்து நான்கு வோல்ட் கீழே, தனியாக. பால் தொழிற்சாலையில் சம்பளத்துக்குச் செய்வதைவிட ஒழுங்காக உலோகம் வெட்டும் இந்த கராஜ் மெஷினுக்கு வயர் இழுத்திருக்கிறேன். கொஞ்சம் பெருமைதான், இருக்கட்டும்.

ஒரே தலைவலி. கட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் பொட்டென்று நின்றுவிடுகிறது. கட்டரை மூடியிருக்கும் பாதுகாப்புக் கதவு மூடித்தான் இருக்கிறது, ஆனால் மெஷின் அது திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மின்சாரத்தை வெட்டிவிடுகிறது.

என் புருஷன் பிரேபன் எட்டிப் பார்த்தான். "என்ன போடில், உன் மெஷினும் எங்க அக்கா மாதிரி சும்மா சும்மா கோவிச்சுக்குது?"

அவனுக்கு அவசரம். ஏரியில் விடப்போகும் பொம்மை நீராவிப் படகுக்குப் பித்தளை வால்வு வெட்ட இரண்டு வருடமாகக் காத்திருக்கிறான்.

பிப்ரவரி 11, வெள்ளி
கோளாறு கதவு சுவிட்சிலா, அவசர நிறுத்தப் பொத்தானிலா? வயர் பெட்டிக்குள் கதவு சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு துண்டு வயரைப் போட்டு, சுவிட்சே இல்லாதமாதிரி ஆக்கி ஓட்டினேன். நாற்பது நிமிடம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆக, சுவிட்சுக்குப் போகும் கேபிள்தான் வில்லன். கட்டர் மோட்டார் கேபிளை ஒட்டியே போகிறது, அதன் மின் இரைச்சல் இதில் ஏறிவிடுகிறது. பிரித்து வேறு பக்கமாகக் கட்டினேன்.

கட்டி முடிக்கவும் தொழிற்சாலையிலிருந்து போன் வரவும் சரியாக இருந்தது. பாட்டில் நிரப்பும் வரிசை நின்றுவிட்டதாம். பெட்டியை மூடிவிட்டு ஓடினேன். போகிற போக்கில் பிரேபனிடம், "முடிஞ்சுது. நாளைக்கு உன் வால்வைப் போடு. கதவைத் திறந்தா கட்டர் நின்னுடும், ஆனா சுத்தல் ஓய மூணு எண்ணிட்டுத்தான் கையை உள்ள விடணும்" என்றேன்.

பிப்ரவரி 12, சனி
ஆஸ்பத்திரி. பிரேபனின் வலது கை. இரண்டு விரல், மேல் கணுவோடு.

பிப்ரவரி 13, ஞாயிறு
ரத்தத்தைத் துடைக்கப் போனேன். பெட்டியைத் திறந்தேன். அந்தத் துண்டு வயர் அங்கேயே இருக்கிறது.

ஐயோ. ஐயோ.

வேலை இடத்துல எவனாவது இப்படி வயர் போட்டு மறந்தா கிழிகிழின்னு கிழிக்கிறவ நான். நான்!

கழற்றி கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் கழற்றினேன்? யாருக்குத் தெரியக் கூடாதென்று?

பிப்ரவரி 14, திங்கள்
ஆபரேஷன் மயக்கம் தெளிந்ததும் அவன் முதலில் சொன்னது: "மன்னிச்சுக்கோ போடில். நீ மூணு எண்ணச் சொன்னே. அவசரத்துல எண்ணாம விட்டுட்டேன் போல."

காதில் சத்தத் தடுப்பான், பக்கத்தில் தூசு உறிஞ்சும் மெஷினின் இரைச்சல். அந்த வேகத்தில் சுழலும் கட்டர் நின்றமாதிரியேதான் தெரியும். அவன் என் கதவை நம்பிக் கையை விட்டான்.

நான் அவன் நெற்றியைத் தடவி, "பரவாயில்ல" என்றேன்.

பரவாயில்லையாம். மன்னிக்கிறேனாம் நான்.

பிப்ரவரி 20, ஞாயிறு
அவன் அக்கா இங்கர் மரீ கேக்கோடு வந்தாள். "ஏண்டா, அறுபது வயசாச்சு, மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு? பாவம் இவ, எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சா!" பிரேபன் தலையைக் குனிந்து சிரித்தான். நான் காபி ஊற்றினேன். வாயைத் திறந்தேன். "சர்க்கரை?" என்று கேட்டேன்.

பிப்ரவரி 26
சொல்லவில்லை.

மார்ச் 3, வியாழன்
பள்ளி பஸ் ஓட்டும் வேலையை விட்டுவிடப் போகிறானாம் பிரேபன். தையல் ஆறியதும் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பிறகு என்ன?

"விரலுக்காக இல்ல. மூணு எண்ண மறந்தவன்கிட்ட இருபது பிள்ளைங்களை எப்படி நம்பிக் குடுப்பாங்க? நானே குடுக்க மாட்டேன்."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவன் விரலை எடுத்தது போதாதென்று புத்தியையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 4, வெள்ளி
சொல்லிவிட்டேன். இடது கையால் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். வயரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், கழற்றி ஒளித்ததையும்.

கத்தியைக் கீழே வைத்தான். பிறகு, "நான் எண்ணினேன், போடில். வாய்விட்டு எண்ணினேன். எண்ணின ஞாபகம் இருந்துச்சு, ஆனா விரல் போனதுல சந்தேகம் வந்துடுச்சு. நீ பரவாயில்லன்னதும் நாந்தான் ஏதோ கனவு கண்டுட்டேன்னு நினைச்சேன்" என்றான்.

"மறந்தது போகட்டும். அது யாருக்கும் நடக்கும். மூணு வாரம், போடில். மூணு வாரம் என்னைப் பாத்துக்கிட்டே இருந்தியே."

திட்டியிருக்கலாம். தட்டை எடுத்து எறிந்திருக்கலாம். கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

மார்ச் 9, புதன்
பஸ் டிப்போவுக்கு போன் செய்து ஏப்ரலில் வருகிறேன் என்று சொன்னான். சமையலறையிலிருந்து கேட்டேன். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் இப்போதெல்லாம், "காபி இருக்கு", "மழை வரும்". அக்காவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவள் வந்து என் தலைமயிரைப் பிடித்து உலுக்கினால்கூடத் தேவலை.

மார்ச் 19, சனி
மெஷினை விற்றுவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்று மட்டும் சொன்னான்.

கதவுக்கு இன்னொரு சுவிட்ச் வாங்கி வந்து இன்று பொருத்தினேன். ஒன்று ஏமாந்தாலும் மற்றது வெட்டும். பாதி வேலையில் கராஜ் கதவு திறந்தது. விபத்துக்குப் பிறகு அவன் அங்கே வருவது இப்போதுதான். வால்வுக்கான பித்தளைத் துண்டு இன்னும் மெஷினின் பிடியில் இருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டியவன் பாதியில் நிறுத்தினான்.

"கரண்ட் இல்ல. கை வைக்கலாம்" என்றேன்.

அவன் மெஷினைச் சுற்றிப் போய், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். அதை இடது கையில் பிடித்துக்கொண்டுதான் துண்டை எடுத்தான். நான் கடைசி ஸ்க்ரூவை முறுக்கும்வரை அப்படியே நின்றான்.

சரியான முறை அதுதான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் நான் சொன்ன ஒன்றை அவன் சரிபார்த்தது இதுதான் முதல் தடவை.