மலையடியில் உங்கள் நித்திரை

அன்று மலையடியில் மாமி உங்கள் கையைப் பிடித்து இழுத்தபோது, "அப்பாவை விடுங்கோ மாமி, அவருக்கு நித்திரை வேணும்" என்று நான் சொல்லவில்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் அதைச் சொல்லவேண்டும் என்று பார்த்தீர்களா, சொல்லிவிடுவேனோ என்று பயந்து பார்த்தீர்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அப்பா.

இதை உங்கள் காருக்குள் இருந்து எழுதுகிறேன். நவம்பரில் நித்திரையிலேயே உங்கள் இதயம் நின்றுபோனதாக வைத்தியர் சொன்னார். குளிர் முடிந்ததும் காரை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னபடியால் நேற்று அதைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்யும் போர்த்துக்கேயர் சாரதி இருக்கையை நிமிர்த்திப் பார்த்தார். அது நிமிர்ந்து நிற்காமல் மெல்ல மெல்லப் பின்னால் சரிந்தது. "யாரோ இதைக் கட்டிலாகப் பாவித்திருக்கிறார்கள்" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார். திருத்தித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்து ஓட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். கண்ணாடிகளை மூடி இருந்தால் உள்ளே இன்னும் நிலம் துடைக்கும் ஜவெல் தண்ணீரும் தைலமும் மணக்கின்றன. உங்கள் கைகளின் மணம் அது.

நான் பிறந்ததிலிருந்து உங்களுக்கு இரண்டு வேலை. விடிவதற்கு முன் லோசான் நகரில் ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்வது, பின்னேரம் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவுவது. இரண்டுக்கும் இடையில் வீட்டுக்கு வந்து படுக்கலாம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் பக்கத்து ஊரான ரெனானில் எங்கள் வீடு ஒருநாளும் வீடாக மட்டும் இருந்ததில்லை. ஊரிலிருந்து முதலில் வந்தவர் நீங்கள் என்பதால், பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் நீங்கள் "அண்ணை". கடிதம் வாசித்துக் காட்ட, விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக, வீடு மாற, புருசன் பெண்சாதி சண்டையைத் தீர்க்க, எல்லாவற்றுக்கும் அண்ணை. நீங்கள் சோபாவில் சாய்ந்ததும் அழைப்பு மணி அடிக்கும். "அண்ணை படுத்திட்டாரோ?" என்று வாசலில் கேட்பார்கள். "இல்லையில்லை, வாங்கோ" என்று நீங்களே எழுந்து வருவீர்கள்.

சுகமில்லை என்று வேலைக்குப் போகாமல் விட்ட நாள் எனக்கு ஞாபகமில்லை. போன வருடம் படி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கி, உங்களை வைத்தியரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை எழுதினார், பரிசோதனைகளுக்கு அனுப்பினார். உடம்பு ஓய்வு கேட்கிறது, கொஞ்ச நாள் லீவு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "வேண்டாமெண்டு சொல்லு" என்றீர்கள்.

வெளியே வந்ததும், "ஏனப்பா?" என்று கேட்டேன்.

"லீவெடுக்கிறவனைத்தான் முதலில நிப்பாட்டுவாங்கள். வேலை இல்லாட்டி இந்த நாட்டில நாங்கள் ஆர், பிள்ளை?"

அப்போது உங்களிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இருந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் காத்திருந்த அந்தப் பழைய வருடங்களிலிருந்து நீங்கள் வெளியே வரவேயில்லை. ஓய்வூதியம் அடுத்த வருடம். "அடுத்த வருசம் நித்திரை கொள்ளுவம்" என்று சொல்லி எனக்குச் சிரித்துக் காட்டினீர்கள்.

கோடை வந்தால் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகளும் வருவார்கள். கனடா, லண்டன், பாரிஸ் என்று எங்கிருந்து வந்தாலும் அவர்களுக்கு ஒரே ஒரு சுவிஸ்தான் தெரியும்: பனிமலை. ஞாயிற்றுக்கிழமை விடிய அம்மா கட்லட்டும் ரோல்ஸும் பொரித்து, கோழியை மசாலாவில் பிரட்டிக் குளிர்பெட்டியில் அடுக்குவார். வெவே, மோந்த்ரோ என்று ஏரியோரமாய்ப் போய் நீங்கள் மலையடிக்கு ஓட்டுவீர்கள். எல்லாருக்கும் நீங்களே கேபிள் கார் ரிக்கற் எடுத்துக் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்துவீர்கள். பிறகு ஒவ்வொரு முறையும் அதே வசனம்:

"நான் கனதரம் பாத்திட்டன். நீங்கள் போட்டு வாங்கோ. ஆரும் ஒராள் அடுப்பை மூட்டத்தானே வேணும்."

தரிப்பிடத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் எல்லாரும் பாவிக்கும் கல் அடுப்புகள் இருந்தன. நாங்கள் மலையிலிருந்து இறங்கி வரும்போது அங்கே கரி கனன்றுகொண்டிருக்கும். நீங்கள் கோழி வாட்டிக்கொண்டு நிற்பீர்கள். மாமி, உங்கள் ஒரே அக்கா, கனடாவிலிருந்து வரும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார். "பேர்தான் சுவிஸ்காரன். தனக்கொரு ரிக்கற் எடுக்க மனமில்லாத கஞ்சன்!" எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். பள்ளிக்கூட வயதில் நானும் அதை நம்பினேன். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு கோடையில், மேலே போனதும் எனக்குக் காது அடைத்துத் தலை சுற்றியது. அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தனியே இறங்கி வந்தேன். அடுப்பில் நெருப்பு இல்லை. கரிப்பை பிரிக்காமல் கிடந்தது. கார்க் கண்ணாடியில் ஒரு துவாய் தொங்கியது. விலக்கிப் பார்த்தேன். சாரதி இருக்கையை முழுதாகச் சாய்த்து, சப்பாத்தைக் கழற்றி, வாயைத் திறந்தபடி நீங்கள் படுத்திருந்தீர்கள். வீட்டில் உங்களை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் நித்திரையிலும் உங்கள் ஒரு காது வாசலில் இருக்கும். இங்கே உங்களைத் தேடி யாரும் வரமுடியாது.

நான் கரிப்பையைப் பிரித்து, புகைக்குள் இருமி இருமி நெருப்பை மூட்டினேன். எங்கள் ஆட்கள் கேபிள் காரால் இறங்குவது தெரிந்ததும் ஓடிவந்து கண்ணாடியில் இரண்டு தரம் தட்டினேன். நீங்கள் திடுக்கிட்டு எழுந்தீர்கள். "நான் இப்பதான் கண்ணை மூடினனான்" என்றீர்கள். போத்தல் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுப்பைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"நல்லாப் பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் முந்தி இறங்கி வந்தேன். தலை சுற்றுகிறது, புத்தகம் வாசிக்கவேண்டும், காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதாவது சொல்வேன். "இவளும் தகப்பனைப் போலதான்" என்பார் மாமி. நெருப்பை மூட்டிவிட்டுக் காரின் பக்கத்தில் புத்தகத்தோடு இருப்பேன், நேரம் வந்ததும் தட்டுவேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. நாட்டை விட்டு வந்தவர்களைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் அந்தப் புல்வெளியில் இருந்து வாசித்தேன். பிரிவு, மொழி, பனி, கனவு எல்லாம் அவற்றில் இருந்தன. நித்திரையைப் பற்றி ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

போன கோடையில் மாமி நீண்ட நாளுக்குப் பிறகு வந்தார். முழங்கால் நோ. மாமா இறந்த பிறகு செய்த முதல் பயணம். அம்மா வராமல் நாங்கள் மூவரும் மட்டும் போயிருந்தோம். மலையடியில் நீங்கள் வழமையான வசனத்தைத் தொடங்கினீர்கள். மாமி முடிக்க விடவில்லை.

"உன்ர ரிக்கற்றையும் நான் எடுத்திட்டன். கனடாவில இருந்து காலை இழுத்துக்கொண்டு நான் வாறன், ரெனானில இருக்கிறவருக்கு ஏறேலாதாமோ?"

"அக்கா, அடுப்பு..."

"அடுப்பை விட்டெறி. எனக்கு உன்னோட பனியில நிண்டு ஒரு படம் வேணும். இனி நான் வருவனோ தெரியாது. நீ வராட்டி நானும் ஏற மாட்டன்."

அப்போதுதான் என்னைப் பார்த்தீர்கள். முதல்நாள் சனிக்கிழமை, உணவகத்தில் ஒரு கலியாண விருந்து. உங்கள் கண்கள் சிவந்திருந்தன. அந்த ஒரு வசனத்தை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் இத்தனை வருடம் நீங்கள் காத்துவந்ததை உங்கள் அக்காவுக்கு முன்னால் நான் அவிழ்த்துவிட்டதாகிவிடும். கஞ்சன் என்ற பட்டத்தைச் சிரித்துக்கொண்டே தாங்கிய நீங்கள், களைத்தவர் என்ற பெயரைத் தாங்குவீர்களா? இன்னொன்றும் உண்டு. நீங்கள் ஒருமுறையாவது மேலே போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. நான் பேசாமல் நின்றேன். நீங்கள் காரைப் பூட்டிவிட்டு வந்தீர்கள்.

கேபிள் காருக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தீர்கள்.

"எங்கட கார் தெரியுதோ பிள்ளை?"

"அந்தா, கடைசி வரிசையில."

"ஓம், ஓம். சின்னனாத் தெரியுது" என்று, தெரிந்த ஒருவரைக் கண்டதுபோல முகம் மலர்ந்தீர்கள்.

மேலே, உங்கள் காலில் குசினியில் போடும் கறுப்புச் சப்பாத்து. "பாரக்கா, எண்ணெய் கொட்டின நிலத்திலயே இது வழுக்காது" என்று பனியில் நடந்து காட்டினீர்கள். மாமி வழுக்கி உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சுவிஸுக்கு வந்து முப்பது வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் பனியில நிக்கிறாய்!"

"ஏன், மாரியில ஒவ்வொரு நாளும் விடியமுன்னம் இதுக்குள்ளாலதானே வேலைக்குப் போறன்" என்றீர்கள். இருவரும் சின்னப் பிள்ளைகள்போலச் சிரித்தீர்கள். அதைப் படம் எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. படத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். "நான் உள்ள போய்க் கொஞ்சம் இருக்கிறன்" என்று நீங்கள் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போனீர்கள்.

மாமியும் நானும் உள்ளே வந்தபோது, பெரிய கண்ணாடிச் சுவரோரம் ஒரு கதிரையில் இருந்தீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் முழு மலைத்தொடரும் வெயிலில் நின்றது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். தலை சரிந்து உங்கள் நாடி நெஞ்சில் பட்டிருந்தது. கையில் பிடித்த கோப்பி ஆறிப்போயிருந்தது.

"டேய் தம்பி, இஞ்ச பார்" என்று போனை நீட்டிக்கொண்டு போன மாமி, படத்தை எடுத்துவிட்டுத்தான் கவனித்தார். போனை இறக்கினார்.

"இவன் எப்பவும் இப்பிடியோ?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஓம், மாமி."

"கீழயும்? நாங்கள் மேல வாற நேரமெல்லாம்?"

"ஓம்."

 மாமி தன் சால்வையைக் கழற்றி உங்கள் மேல் போர்த்திவிட்டு எதிர்க்கதிரையில் இருந்தார். பழக்கத்தில் நான் மேசையில் தட்டக் கையைத் தூக்கினேன். மாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுப்பாத பிள்ளை. படுக்கட்டும்."

மேசை துடைக்கும் பெண் வந்து, கடைசிக் கேபிள் கார் புறப்படப்போகிறது என்று சொல்லும்வரை அப்படியே இருந்தோம். நீங்கள் கண் விழித்துச் சால்வையைப் பார்த்து வெட்கப்பட்டீர்கள். "நான் இப்பதான் கண்ணை மூடினனான், அக்கா."

"ஓமடா தம்பி, இப்பதான்" என்றார் மாமி.

அன்று அடுப்பு மூட்டவில்லை. காருக்குள் இருந்து ஆறிய கட்லட்டைச் சாப்பிட்டோம். முதன்முறையாகச் சாவியை என்னிடம் தந்தீர்கள். ஏரியோரம் முழுக்கப் பக்கத்து இருக்கையில் நித்திரை கொண்டுவந்தீர்கள். மாமி பின்னால் இருந்தார். ரெனான் வரும்வரை ஒரு பகிடியும் விடவில்லை.

மாமி எடுத்த அந்தப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பிதழில் போட அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நித்திரையில் இருக்கிற படத்தைப் போடக்கூடாது என்றார். ஆனால் மலையில் நீங்கள் இருக்கும் வேறு படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. அதில் மலை தெளிவாக இருக்கிறது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. அன்று நான் வாயைத் திறந்திருந்தால் உங்களுக்கு இன்னும் சில மணித்தியால நித்திரை கிடைத்திருக்கும், மாமிக்கு அந்தச் சிரிப்புக் கிடைத்திருக்காது. எதை எதனோடு வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் வைத்திருக்கிறேன். காரை விற்கவில்லை என்று இன்று அம்மாவிடம் சொல்லவேண்டும்.

மாமி கனடா திரும்பினார். நீங்கள் திரும்பவும் இரண்டு வேலைக்கும் போனீர்கள். பின்னேர வேலையையாவது விடுங்கள் என்று கேட்டேன். "அடுத்த வருசம்" என்றீர்கள். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, நீங்கள் வேலைக்கு வரவில்லை என்று உணவகத்திலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. அம்மா என்னை அழைத்தார். ஓடிவந்த நான் மேலே வீட்டுக்குப் போகாமல், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத் தரிப்பிடத்துக்கு இறங்கினேன். கார் தன் இடத்தில் நின்றது. கண்ணாடியில் துவாய் தொங்கியது. நான் இரண்டு தரம் தட்டினேன். நீங்கள் எழும்பவில்லை.