மலருக்கு நான் சொன்ன விளக்கம்

என் உயிர் மாப்ள முருகேசா,

நீ போன பிறகு கல்லூரியில் என்னோடு சண்டை போட ஆளில்லை. விலங்கியல் துறையிலிருந்து டீ கிளாஸோடு என் தத்துவத் துறைக்கு வந்து, "மச்சான், மனசுங்கிறதும் ஒடம்போட வேலதான். அறிவியல் தொடாத தத்துவம் வெறும் பேச்சு" என்பாய். உன் இயற்கைவாதத்துக்கு எதிராக நான் நிகழ்வியலைத் தூக்கிப் பிடிப்பேன். விளக்கத்தைத் தள்ளி வை, அனுபவம் எப்படித் தோன்றுகிறதோ அப்படியே முதலில் பார் என்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அன்னவாசலுக்கு, உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி மலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, சாயங்காலமானா அவுக கேட்டைத் தொறக்குற சத்தம் கேக்குது. எந்திரிச்சுப் போயி காபிக்குப் பால வச்சிர்றேன். எனக்கு என்னமும் ஆயிருச்சாண்ணே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மூளை பழக்கத்துல அப்படிக் காட்டும்மா. போகப்போகச் சரியாயிரும்." சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அவுக இருந்திருந்தா மொதல்ல எப்படிக் கேக்குதுன்னு கேட்டிருப்பாக" என்றாள். அவ்வளவுதான்.

கூசிப்போனேன், மாப்ள. சித்தன்னவாசல் குன்றில் பறவைக் குரல் கேட்டு மாணவர்கள் பெயர் சொன்னால், "பேரு கெடக்கட்டும்டா. எங்கிட்டிருந்து வருது, எப்படி இருக்கு, அதச் சொல்லு" என்பவன் நீ. உன் அறிவியலிலும் கவனிப்பது இருந்தது. நான் அதிலிருந்து விடையை மட்டும் எடுத்து, என் தங்கையின் வாயை அடைத்தேன். அவள் அழுதுவிடுவாளோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு அறிவியல் என்று பெயர் வைப்பதா, நிகழ்வியல் என்று வைப்பதா?

மறுநாள் வகுப்பில், "அனுபவத்தை முதலில் விவரி" என்று போர்டில் எழுதினேன். பிள்ளைகள் பக்கம் திரும்ப முடியவில்லை. போர்டைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் மறுபடி போனேன். "அன்னைக்கு நான் பேசுனது தப்பு. அது எப்படிம்மா இருக்கும்? சொல்லு" என்றேன்.

மலர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சத்தம் வாரதுக்கு முந்தியே ஒடம்பு எந்திரிச்சிருதுண்ணே. அப்ப அவுக செத்துட்டாகங்கிறதே இல்ல. அடுப்புல பால் பொங்குறப்பத்தான் அவுக இல்லன்னு தெரியுது. தெனமும் அப்பத்தான் சாகுறாக."

இந்தத் தடவை நான் விளக்கம் தேடவில்லை. அவள் அழுதாள், பக்கத்திலேயே இருந்தேன்.

"அந்தக் காபிய என்ன செய்வ?"

"கீழ ஊத்திருவேன்."

"இன்னைக்கு எனக்குக் குடு."

உனக்குப் போடுவதுபோலவே சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தாள். உனக்கு அது சம்மதம்தானா, மாப்ள? கேட்காமலே குடித்துவிட்டேன்.

நம் சண்டையில் உன் கட்சி சரியா, என் கட்சி சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் இது வாக்கு: மலர் பேசும்போது இனி நான் முந்திக்கொண்டு பதில் சொல்ல மாட்டேன். அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

தலைகுனிந்து,
உன் மச்சான், மலரின் அண்ணன்