அக்காவுக்காக மாட்டிய பெட்டி

வியாழக்கிழமை, ராத்திரி.

அக்காவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. பாட்டு உடம்பிலாவது அதிரட்டும் என்று மாமா தன் பழைய கார் டிக்கியில் சப்வூஃபர் பெட்டி மாட்டியிருக்கிறார். சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே அக்காவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஆம்ப்ளிஃபயரில் அதிர்வைக் கூட்டும் கெயின் குமிழைத் திருகினார். அக்கா உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் திருகினார். வெறும் கரகரப்புதான் வந்தது.

"கன்வேயர் பெல்ட்டுல கல்லு மாட்டுன மாதிரி இருக்கு மாமா."

"நக்கல் பண்ணிக்கினு நிக்காத மச்சான். பெட்டில காத்து எங்க போவுதுன்னு பாரு."

ஊதுவத்தி கொளுத்திப் பெட்டியைச் சுற்றிக் காட்டினேன்.

"பூசையா பண்ற?"

"நீங்க கன்னத்துல போட்டுக்குங்க."

பின்மூலை இடுக்கில் புகை துள்ளியது. பசை வைத்து அடைத்துக் காயவிட்டோம். பிறகு மாமா கெயினை அடிவரை இறக்கி மெதுவாக ஏற்றினார். கரகரப்பு எட்டிப்பார்த்ததும் கொஞ்சம் குறைத்தார். சீட் மெத்தென்று அதிர்ந்தது.

அக்கா சீட்டில் உள்ளங்கையை வைத்து வெளியே பார்த்தாள்.

"எங்கங்க போய்க்கினு இருக்கோம்?"

இஞ்சினே போடவில்லை. மாமா முன்னால் போய் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பி, ஒரு கையை அலைபோல ஆட்டி, கடலுக்கு என்று காட்டினார். அக்கா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சாய்ந்தாள்.

நானும் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.